எட்டு மணி நேரம் வேகும் பல் செட்

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் வேலை குவியும். திருவையாறு, பாபநாசம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் நேரே லேபுக்கே வந்துவிடுவார்கள். "தம்பி, பேத்தி கல்யாணம் வருது. நாளைக்கே குடுத்திரேன்" என்பார்கள். "ஒருநாள் பொறுங்க ஆத்தா" என்பேன். காரணம் இதுதான்.

எங்கள் மேசையில் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, ஈறு நிறத்தில் இளஞ்சிவப்புப் பொடி. இன்னொன்று, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள திரவம். திரவத்தின் பெயர் மெத்தில் மெத்தாக்ரிலேட்; இதுதான் மோனோமர். அதன் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரியும். அவை கைகோத்து நீண்ட சங்கிலியானால் பாலிமர். பொடி, ஏற்கெனவே சங்கிலியான அக்ரிலிக். திரவத்தை மட்டும் இறுக வைத்தால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கிவிடும். செட் வாயில் பொருந்தாது. அதனால் மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு திரவம் சேர்க்கிறோம். சுருக்கம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு இறங்கும்.

கலவை முதலில் ஈர மணல்போல இருக்கும். பிறகு நூல் நூலாக இழுபடும். பாத்திரத்தில் ஒட்டாமல் சப்பாத்தி மாவுபோலத் திரளும்போதுதான் அச்சில் வைத்து இறுக்க வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது, திரவம் ரப்பர் கையுறையையும் ஊடுருவித் தோலைப் புண்ணாக்கும்.

அப்புறம் வேக்காடு. 74 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் எட்டு மணி நேரம். மோனோமர் சுமார் 101 டிகிரியில் கொதிக்கும். அது இறுகும்போது தானும் சூட்டைக் கிளப்பும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால், தடித்த இடங்களில் திரவம் ஆவியாகி உள்ளே குமிழ் விழும். செட் பலமிழக்கும், மேற்பரப்பில் குழி இருந்தால் பூஞ்சை குடியேறும். வேக வைக்காமல் மருந்தாலேயே இறுகும் ரகமும் உண்டு. சின்னப் பழுதுக்கு அது நல்லது. ஆனால் அதில் இறுகாத மோனோமர் கூடுதலாகத் தங்கி, சிலருக்கு ஈறு எரியும். தெருவோரத்தில் பல் கட்டுபவர்கள் அதையே குழைத்துச் செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறார்கள். கழற்றிக் கழுவ முடியாமல் நல்ல பல்லும் ஈறும் கெடுகின்றன.

1930களின் கடைசியில் அக்ரிலிக் வரும்வரை, பெரும்பாலும் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில்தான் செட் செய்தார்கள். இயல்பான ஈறு நிறம் அதில் சரியாக வராது. 1949-ல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி இதே வகை அக்ரிலிக்கில் செய்த லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரை அரோலேப் நிறுவனம் 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

செட்டைக் கொதிநீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். கும்பகோணம் வெற்றிலை போடுபவர்கள், மென்றதும் கழற்றி மெல்லிய பிரஷால் கழுவுங்கள். உடைந்தால் பசை போட்டு ஒட்டாமல் டாக்டரிடம் கொடுங்கள். புது செட்டுக்கு ஒருநாள் கூடக் கேட்டால், மனம் கோணாமல் கொடுங்கள். பல வருஷம் வாயில் இருக்கப்போகிற பொருள் அது.