ஜெனரேட்டர் சும்மா இருந்தாலும் பழுதாகும்

வியாபாரத் தலத்தில் நாம் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பொருட்களில், உபயோகித்தால் தேய்ந்து போகும் பொருட்களே அதிகம். ஆனால் உபயோகிக்காவிட்டால் பழுதாகும் பொருள் ஒன்றும் நமது கடைகளின் பின்புறத்தில் இருக்கிறது. அதுதான் மின்பிறப்பாக்கி எனப்படும் ஜெனரேட்டர்.

யுத்த காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லாத இடங்களில் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் ஜெனரேட்டர் நாள் தவறாமல் ஓடியது. ஓடி ஓடித் தேய்ந்ததே அன்றிக் கிடந்து கெட்டுப்போனது குறைவு. இன்று முருங்கன் முதல் மன்னார் நகர் வரை மின்சாரம் இருக்கிறது. ஆகவே ஜெனரேட்டர் மாதக்கணக்கில் சாக்கு மூடிக் கிடக்கிறது. நாம் அதைத் தேடும் நாளோ முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு முழு நாட்டையும் இருளில் தள்ளியது. அதன் விளைவாக நுரைச்சோலை அனல் மின் நிலையமும் இயங்காது போகவே, அடுத்து வந்த இரு தினங்களும் ஒன்றரை மணி நேரம் வீதம் மின்வெட்டு அமுல்படுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பல பிரதேசங்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. இப்படியான நாளில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்த பின்னும் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், ஃப்ரீசரில் இருக்கும் கோழியும் மீனும் ஐஸ்கிறீமும் நமது முதலோடு சேர்ந்து உருகிவிடும்.

சும்மா கிடக்கும் இயந்திரம் ஏன் பழுதாகிறது? முதலாவது காரணம் பெற்றோல். அது நாட்பட வைத்திருக்கக்கூடிய பொருளல்ல. ஓரிரு மாதங்களிலேயே அதன் இலேசான பகுதி ஆவியாகி, மிஞ்சுவது பிசின் போலக் கார்பரேட்டரில் படிகிறது. தலைமுடியளவு நுண்ணிய துவாரங்கள் அதனால் அடைபடுகின்றன. ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்று சொல்லி மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் ஜெனரேட்டர்களில் பலவற்றுக்கு நோய் இதுதான்.

இரண்டாவது காரணம் ஈரம். மாரி காலத்தின் ஈரப்பதனும் கடற்காற்றின் உப்பும் மின்சுருள்களிலும் இணைப்புகளிலும் புகுந்து பூஞ்சணத்தையும் துருவையும் உண்டாக்குகின்றன. சுமையோடு ஓடும்போது எழும் சூடுதான் இந்த ஈரத்தை விரட்டுகிறது. மூன்றாவது, எஞ்சினின் உட்பாகங்களில் ஒட்டியிருந்த ஒயில் மெல்ல வடிந்து அடியில் தங்கிவிட, உலோகம் காய்ந்து துருப்பிடிக்கிறது. நான்காவது, மின்சாரம் பிறப்பிக்கத் தேவையான எஞ்சிய காந்த சக்தி நெடுங்காலம் ஓடாதிருந்தால் குறைந்துவிடலாம். அப்போது எஞ்சின் நன்றாக ஓடும், பல்ப் மட்டும் எரியாது.

இதற்கு மருந்து, மாதம் ஒரு முறை ஓட்டுவதுதான். அமெரிக்காவில் வீடு போல அமைத்த சுற்றுலா வாகனங்களில் ஜெனரேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். வருடத்தில் சில வாரங்களே அவை தேவைப்படும். அவற்றுக்கும் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆலோசனை, மாதந்தோறும் ஏறக்குறைய பாதிச் சுமையோடு ஓட்டுங்கள் என்பதே. அந்நாட்டு வைத்தியசாலைகள் போன்ற இடங்களின் அவசர டீசல் ஜெனரேட்டர்களை மாதம் ஒரு முறை, குறைந்தது 30 நிமிடம், கொள்ளளவின் 30 வீதத்துக்குக் குறையாத சுமையில் ஓட்ட வேண்டும் என்பது நியமம்.

இங்கே ‘சுமை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம் வெறுமனே ஸ்டார்ட் செய்து ‘சத்தம் கேட்டது, சரி’ என்று நிறுத்துவதில் பயனில்லை. எஞ்சின் முழுதாகச் சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே புதிதாக ஈரம் சேரும். டீசல் எஞ்சினைச் சுமையின்றி அடிக்கடி ஓட்டினால் எரியாத டீசல் கரியோடு கலந்து புகைக்குழாயில் கறுத்த எண்ணெயாகக் கசியும். ஆகவே 2 கிலோவாற் ஜெனரேட்டர் என்றால் ஃப்ரீசர், மின்விசிறி, விளக்குகள் என்று 1 கிலோவாற் அளவுக்கு இணைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடம் கழித்தே சுமையைக் கொடுக்க வேண்டும். நிறுத்துமுன் சுமையைக் கழற்றி ஓரிரு நிமிடம் ஓட விட வேண்டும்.

ஓட்டி முடிந்ததும் பெற்றோல் குழாயை மூடி, கார்பரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்படி விடுவது நல்லது. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வகையாயின், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் அடுத்த முறை கயிறு இழுப்பது வீண். தாங்கியில் இருப்பதை மாதக்கணக்கில் கிடக்க விடாமல் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

சிறிய ஜெனரேட்டர்களுக்கு 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அதன்படி ஒயில் மாற்றுவது பொதுவான வழக்கம். புதிய எஞ்சினுக்கு முதல் மாற்றம் ஏறக்குறைய 20 மணித்தியாலத்தில். நெல் அறுவடைக் காலத்தில் தூசியும் உமியும் பறக்கும் முருங்கன் போன்ற இடங்களில் எயார் ஃபில்டரை இன்னும் அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும். பற்றரியில் ஸ்டார்ட் ஆகும் பெரிய ஜெனரேட்டர்களில் முதலில் கைவிடுவது பற்றரிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டு விடயங்களில் விளையாட்டுக் கூடாது. மழை என்பதற்காகக் கடைக்குள் வைத்து ஓட்டக் கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது ஆளை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வெளியே, கதவு ஜன்னல்களில் இருந்து 20 அடியாவது தள்ளி, மழை படாத கூரையின் கீழ் வையுங்கள். அதேபோல் பிளக் பொயின்றினூடாக வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, கம்பத்தில் திருத்த வேலை செய்யும் ஊழியரின் உயிரைப் பறிக்கலாம். தகுதியான மின்னிணைப்பாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்திக்கொள்ளுங்கள்.

செலவைப் பார்ப்போம். சிறிய ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல் போதும். வருடத்துக்கு 12 லீற்றர். ஒரு ஃப்ரீசர் நிறையச் சரக்கு பழுதானால் வரும் நட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டியும் வாடகையும் கணக்குப் பார்க்கும் வியாபாரி இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும் ஜெனரேட்டரை ஓட்டுவது என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறதி வராது. பக்கத்தில் ஒரு பழைய கொப்பியைத் தொங்கவிட்டு, ஓட்டிய திகதி, நேரம், ஒயில் மாற்றிய நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். கடன் கொப்பியைப் போலவே இதுவும் முதலைக் காக்கும் கொப்பிதான்.