ஏட்டுச் சுவடியும் யந்திர விடையும்

பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய பெரியோர் பட்ட பாட்டை இலக்கிய அன்பர்கள் நன்கறிவர். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், கைக்குக் கிடைத்த ஓர் ஏட்டை அப்படியே அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிடவில்லை. ஏடுகள் பலவற்றைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்றை ஒப்புநோக்கிய பின்னரே பாடத்தைத் துணிந்தார். ஓசை இனிதாயிருப்பதனால் மாத்திரம் ஓர் அடி மூலபாடம் ஆகிவிடாது என்பதைப் பதிப்பாசிரியர் யாவரும் உணர்ந்திருந்தனர். இடைச்செருகலும் அழகாகவே ஒலிக்கும். அதுதான் அதன் அபாயம்.

அந்த விழிப்பு இன்று ஏடு பார்ப்போருக்கு மாத்திரமன்றி நம் அனைவருக்குமே வேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர வித்தை நமது அன்றாட வாழ்க்கையிற் புகுந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் பாவனைக்கு வந்தது முதல், மாணவர் கட்டுரைக்கும், ஆசிரியர் வினாத்தாளுக்கும், இல்லத்தார் நோய்க்கும் மருந்துக்கும் அத்தகைய யந்திரங்களை வினாவும் வழக்கம் பரவிவருகின்றது. வினாவுதல் தவறன்று. விடை எங்ஙனம் பிறக்கின்றது என்பதை அறியாது வினாவுதலே தவறு.

"கிழக்கு வெளுத்தது, சேவல்" என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், "கூவியது" என்று நம் வாய் தானாகவே முடித்துவிடும். சேவல் உண்மையிற் கூவியதா என்று நாம் எட்டிப் பார்ப்பதில்லை. யந்திரமும் அவ்வாறே. அளவிறந்த எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அது, எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து, விடையைச் சிறிது சிறிதாகத் தொடுத்துச் செல்கின்றது. இயல்பான சொல் பெரும்பாலும் உண்மையான சொல்லாகவும் அமைந்துவிடும், எப்போதும் அமைவதில்லை. இரண்டும் பிரியும் இடத்திலும் அதன் குரலிலே தயக்கம் தோன்றாது.

ஓர் உதாரணம் காண்போம். கல்வியைப் பற்றி ஒரு குறள் வேண்டும் என்று மாணவன் கேட்கின்றான். ஏழு சீரில், எதுகை மோனையுடன், வள்ளுவர் பெயரால் ஓர் ஈரடியை யந்திரம் தந்துவிடக்கூடும். 1330 குறளையும் புரட்டினாலும் அஃது அகப்படாது போகலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிடுமிடத்து, யந்திரம் பயிலக் கிடைத்த தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஆகவே தமிழிலே வினாவுவோர் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கற்றோரும் இதில் வழுக்கி வீழ்ந்ததுண்டு. 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே, விமான நிறுவனமொன்றின்மீது தொடரப்பட்ட வழக்கில், வாதியின் சட்டத்தரணிகள் முற்தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோளாகக் காட்டினர். அவற்றுள் ஆறு, உலகில் எந்த நீதிமன்றமும் வழங்காதவை. சாட்ஜிபிடி புனைந்தவை அவை. அவற்றைத் தேடிய சட்டத்தரணி ஐயமுற்றாரில்லையா எனின், உற்றார். "இவ்வழக்குகள் மெய்யானவையா?" என்று அந்த யந்திரத்தையே வினாவினார். "மெய்யானவையே" என்றது யந்திரம். ஓர் ஏட்டின் பிழையை அதே ஏட்டைக் கொண்டு திருத்த முயன்ற கதை இது! நீதிபதி 5000 டொலர் தண்டம் விதித்தார். தண்டம் யந்திரத்துக்கன்று, கையொப்பமிட்டவர்களுக்கு.

மனிதமனம் ஏன் இத்துணை எளிதில் நம்புகின்றது? 1966ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம், எலிசா என்றொரு கணினி நிரலை வெளிப்படுத்தினார். நாம் எழுதும் வாக்கியத்தையே திருப்பி நம்மிடம் வினாவாக எழுப்புவதன்றி, அதற்கு வேறு பெரிய வித்தை தெரியாது. அது உருவானதை அருகிலிருந்து கண்ட அவருடைய காரியதரிசியே, அதனோடு சிறிது உரையாடியதும், தாம் தனித்துப் பேசவேண்டும், அறையைவிட்டு அகலுங்கள் என்று அவரிடம் கேட்டாராம். சொல் வந்தால் அதன் பின்னே ஓர் உள்ளம் இருக்கின்றது என்று எண்ணுவது நமது இயல்பு.

இன்றோ சொல் மாத்திரமன்றிக் குரலும் முகமும் போலியாக வருகின்றன. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஹொங்கொங் மோசடியில், காணொளிக் கூட்டத்திலே தம் மேலதிகாரியையும் சக ஊழியரையும் கண்டதாக நம்பிய ஓர் ஊழியர், ஏறத்தாழ 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். கண்டவை யாவும் யந்திரம் தீட்டிய உருவங்கள்.

ஆகவே சில ஒழுங்குகளை நாம் கைக்கொள்ளல் நலம். மேற்கோள், ஆண்டு, பெயர் ஆகியவற்றை மூலநூலிற் பாராது எழுதலாகாது. மருந்தின் அளவை மருத்துவரிடமே கேட்டல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கி இரகசியம், மாணவரின் அந்தரங்கம் ஆகியவற்றை யந்திரத்திடம் ஒப்படைத்தல் கூடாது. உறவினர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால், அதனைத் துண்டித்து, நாம் முன்னமே அறிந்த இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்டல் வேண்டும்.

இவ்வாறு சொல்வதனால் யந்திரத்தை வெறுத்தொதுக்கும்படி கூறுகின்றோமில்லை. கடினமான பாடத்தை எளிமையாக விளக்கச் சொல்லலாம். நமது கட்டுரைக்கு எதிர்வாதம் கேட்கலாம். பயிற்சி வினாக்கள் ஆக்குவிக்கலாம். அது தருவதை ஓர் ஏடாகக் கொள்க. முடிந்த பாடமாகக் கொள்ளற்க. ஏடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர், தாம் துணிந்த பாடத்துக்குத் தாமே பொறுப்பேற்றுப் பெயரிட்டார். நமது மாணவரும் அவ்வண்ணம் தம் பெயரிடும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்கப் பழகுவராயின், யந்திரம் எத்துணை வளர்ந்தாலும் அஞ்சவேண்டியதில்லை.