பட்டாசு ஆலையில் மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது... ஏன் தெரியுமா?

தீபாவளி ஒரு நாள்தான். ஆனா இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துல பட்டாசு உற்பத்தி வருஷம் முழுக்க நடக்குது. ஆர்டருக்கு முன்பே சரக்கைத் தயாரித்து குடோனில் அடுக்கிவிடுகிறார்கள்.

கார் ஆலைகளில் கதையே வேறு. டொயோட்டா பிரபலமாக்கிய 'ஜஸ்ட் இன் டைம்' முறையில், உதிரிபாகம் தேவையான நேரத்தில், தேவையான அளவுக்கு மட்டுமே வரும். குவித்து வைத்தால் பணம் முடங்கும்.

பட்டாசு ஆலையின் மருந்து கலவை அறையிலும் இதே கணக்குதான். ஆனா இங்கே உயிர் பிரச்சினை. அன்றைக்குத் தேவையான மருந்தை மட்டுமே கலக்கணும். மறுநாளுக்கு மிச்சம் வைத்தால், கலவையிலுள்ள அலுமினியப் பவுடர் ஈரப்பதத்தோடு வினைபுரிந்து சூடேறும், தானாகவே தீப்பிடிக்கலாம். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் வேலை பார்க்கவும் கூடாது.

அப்போ சிக்கல் எங்கே? சீசன் நெருக்கடியில்தான். கடைசி நேர ஆர்டர் வந்தால் அறைக்குள் ஆளும் கூடும், மருந்தும் கூடும். முன்கூட்டியே சரக்கு சேர்த்தால் இந்த அவசரம் குறையும்.

ஆனா அதிலும் ரிஸ்க் இருக்கு. 2018 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு 2 வாரமே இருந்தபோது, சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. குடோனில் சரவெடியை அடுக்கியவர்கள் கதி? அப்படி ஒருமுறை அடிபட்டவர், அடுத்த வருஷம் ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்கத்தானே பார்ப்பார்!