அத்தேனே நகரத்துப் பாடம்

நற்செய்திப் பணி, அதாவது இயேசுவைப் பற்றிய செய்தியைப் பிறருக்கு அறிவிக்கும் பணி, பிரசங்கத்தில் தொடங்குவதில்லை என்பதை வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 17ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. கிரேக்க நகரான அத்தேனேக்கு வந்த அப்போஸ்தலர் பவுல், யூதர்களுடன் அவர்களது ஜெப ஆலயத்திலும், எதிர்ப்பட்டவர்களுடன் சந்தைவெளியிலும் உரையாடிய பின்னரே, நகர அவையான மார்ஸ் மேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே அவர் எபிரேய வேதத்தை மேற்கோள் காட்டாமல், அந்நகரில் தாம் கண்ட, அறியப்படாத தெய்வத்துக்குரிய பலிபீடத்தையும் கிரேக்கக் கவிஞரின் வாக்கையும் எடுத்துக்கொண்டு பேசினார். சிலர் ஏளனம் செய்தனர். தியொனீசியு, தாமரி முதலிய சிலர் விசுவாசித்தனர்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய நற்செய்திப் பணியாளர் சீகன்பால்க் இதே வழியில் தமிழைக் கற்று, சுவடிகளைத் தேடிப் படித்து, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலை எழுதி முடித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்த அவருடைய ஆதரவாளர்கள் அதை அச்சிட விரும்பாததால், அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. அந்தத் தாமதம் வருத்தத்துக்குரியது. அதன் பின்னிருந்த, அயலாரின் நம்பிக்கையை அறிய முயல்வதே சொந்த நம்பிக்கைக்குத் துரோகம் என்னும் அச்சம் திருச்சபைகளில் இன்றும் அற்றுப்போகவில்லை. ஒலிபெருக்கிகளும் கைப்பேசிக் காணொளிகளும் பெருகிவிட்ட இக்காலத்தில், கேட்போரிடம் முதலில் கேட்டறியும் பொறுமையே ஊழியப் பயிற்சியில் முதலிடம் பெற வேண்டும்.