சாஸ் எங்கிருந்து வருகிறது?

பர்கர் கடையில் சின்னப் பாக்கெட்டில் தக்காளி சாஸ் தருகிறார்கள். தெருவோர நூடுல்ஸ் வண்டியிலும் சிவப்பு சாஸ் ஊற்றுகிறார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வரும் இடம் வேறு.

பெரிய கடைகளுக்கு

மெக்டொனால்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1996-ல் இந்தியாவில் கடை திறந்தது. சாஸை அந்தக் கம்பெனியே காய்ச்சுவதில்லை. பக்குவமும் அளவும் சொல்லி வேறு தொழிற்சாலைகளில் வாங்குகிறது. அதனால்தான் எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி.

அப்படி விற்றவர்களில் ஒருவர் ரஜ்னி பெக்டர். பஞ்சாபில் உள்ள லூதியானா நகரத்துப் பெண்மணி. முதலில் வீட்டில் ஐஸ்கிரீம் செய்து விற்றார். 1978-ல் அதைத் தொழிலாகத் தொடங்கினார். கிரெமிகா என்று பெயர் வைத்தார். பிறகு ரொட்டி, பிஸ்கட் செய்தார். மெக்டொனால்ட்ஸ் இவரிடம் பன் வாங்கியது. பிறகு சாஸும் வாங்கியது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தக்காளி சாஸாகும் விதம்

தக்காளியைக் கழுவி நறுக்குவார்கள். சூடாக்கி, தோலும் விதையும் நீக்கிக் கூழாக்குவார்கள். அதைத் தண்ணீர் வற்றக் காய்ச்சுவார்கள். 100 பங்கு தக்காளியில் சுமார் 94 பங்கு தண்ணீர்தான். அதனால் ஒரு கிலோ கெட்டி விழுதுக்கு ஐந்தாறு கிலோ தக்காளி வேண்டும். விழுதில் சர்க்கரை, உப்பு, வினிகர், மசாலா சேர்த்தால் சாஸ் தயார். வினிகரின் புளிப்பு சாஸைக் கெடாமல் காக்கிறது.

மலிவு சாஸ்

தக்காளி இவ்வளவு செலவானால், மிக மலிவான சாஸ் எப்படிக் கிடைக்கிறது? சிலர் பூசணிக்காய்க் கூழும் மாவும் கலக்கிறார்கள். பூசணிக்காய் கெடுதல் இல்லை. ஆனால் அதைத் தக்காளி சாஸ் என்று விற்பது ஏமாற்று வேலை.

சாயம்தான் பெரிய ஆபத்து. ரோடமின்-பி என்பது துணிக்குப் போடும் சாயம். அதை உணவில் சேர்க்கக் கூடாது. கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியன் மாதிரிகளைச் சோதித்தார்கள். பலவற்றில் கூடாத சாயங்கள் இருந்தன. 2024 மார்ச்சில் அந்த அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது.

நாம் என்ன பார்க்கலாம்?

* பாட்டிலில் உரிம எண் இருக்கிறதா? எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்துகளுக்கு அருகே 14 இலக்கம் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.
* தேதியைப் படியுங்கள். காலம் கடந்திருந்தால் வாங்க வேண்டாம்.
* சேர்த்த பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். தக்காளி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.
* பெயரில்லாத கேனில் இருந்து ஊற்றினால், கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணே, இந்த சாஸ் எங்கே வாங்கினது?"

சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம்.

நீங்களே வண்டிக் கடை வைத்திருக்கிறீர்களா? லேபிள் உள்ள சாஸையே வாங்குங்கள். பாட்டிலை மறைக்காமல் முன்னால் வையுங்கள். வருகிறவர்களும் படிக்கட்டும்.