எதிரியின் வாக்குமூலம்

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விதி நன்றாய்த் தெரியும். குற்றஞ் சாட்டப்பட்ட எதிரி போலீஸ் உத்தியோகஸ்தரிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் வாக்குமூலம் அவனுக்கு விரோதமாகச் சாட்சியமாகாது. 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த இவ்விதியை 2023-ம் வருஷத்துப் புதிய சட்டமும் கைவிடவில்லை. காரணம் வெளிப்படை. பிடித்தவன் கையிலேயே பேனாவும் இருந்தால், பிடிபட்டவன் சொன்னது இன்னதென்று யார் கண்டார்? ஆனால் சரித்திரம் என்னும் நியாயஸ்தலத்தில் இவ்விதி செல்லாது. அங்கே ஜயித்தவன் எழுதி வைத்ததைத் தவிர வேறு தஸ்தாவேஜே கிடையாது என்று சொல்லும்படியான வழக்குகள் அநேகம். அவற்றுள் மிகப் பழையதான ரோமாபுரி வழக்கொன்றையும், நம் காலத்தில் சீன தேசத்து டெலிவிஷன் நாடகங்களின் வாயிலாக நடந்துவரும் வழக்கொன்றையும் சேர்த்து நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாயிருக்க வேண்டும்.

இன்றைய பிரான்ஸ் தேசத்திலும் பிரிட்டனிலும் ரோமர் வருமுன் வாழ்ந்த கெல்டிய குலத்தார் காட்டுமிராண்டிகள் அல்லர். இரும்பிலும் பொன்னிலும் வேலைத்திறமுள்ளவர்கள், மதில் சூழ்ந்த பட்டணங்களை உடையவர்கள், நாணயம் அடித்தவர்கள். அவர்களுடைய குருமாரான துருயிதர்கள், தங்கள் வித்தையை எழுத்தில் வைப்பது தகாதென்று கொண்டிருந்தார்கள். அவர்களிடம் படித்த மாணாக்கர்களில் சிலர் இருபது வருஷங்கள் வரையில் இருந்து பாட்டுக்களை மனப்பாடம் செய்தார்களென்று ஜூலியஸ் சீஸர் எழுதுகிறார். வேதத்தை எழுதாக் கிளவி என்று வழங்கிய நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் நம் பாட்டுக்களைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் மிஞ்சினார்கள். துருயிதர்களை ரோம ராஜாங்கம் ஒழித்துக் கட்டிற்று; பாட்டுக்களும் அவர்களோடு போயின. ஆகவே கெல்டியர் கதையை நாம் சீஸரிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

சீஸர் சொல்லும் கதை கேட்கத் தகுந்ததே. கி.மு. 58 முதல் எட்டு வருஷ காலம் அவர் காலியா தேசத்தை வென்றடக்கினார். வென்றது ரோமானியரின் வாள் மாத்திரமன்று. எடுயர் என்ற குலத்தார் ரோம ஜனங்களுக்குச் சகோதரர் என்ற பட்டத்தைப் பெற்று மகிழ்ந்திருந்தார்கள். ஒரு குலத்தின் மேலுள்ள பொறாமையால் மற்றொரு குலம் அந்நியனை அழைத்தது. இதைப் படிக்கையில் நமக்கு எந்தத் தேசத்தின் ஞாபகம் வருகிறதென்று சொல்லவும் வேண்டுமா? கடைசியில், கி.மு. 52-ல், ஆர்வெர்னி குலத்து வாலிபனான வெர்ஸிங்கெடொரிக்ஸ் என்பவன் குலங்களையெல்லாம் ஒன்று திரட்டினான். கெர்கோவியாவில் சீஸரைத் தோற்கடிக்கவும் செய்தான். பிறகு அலேஸியா என்ற மலைக்கோட்டையில் அகப்பட்டுக்கொண்டான். சீஸர் கோட்டையைச் சுற்றி ஒரு வேலியும், வெளியிலிருந்து வரும் உதவிப் படையைத் தடுக்க அதற்கப்பால் 14 ரோமானிய மைல் நீளமுள்ள மற்றொரு வேலியும் போட்டார். உள்ளே தானியம் தீர்ந்துபோயிற்று. அந்த ஊருக்குச் சொந்தக்காரர்களான மண்டுபியர்களைப் பெண்டு பிள்ளைகளோடு வெளியே அனுப்பினார்கள். எங்களை அடிமைகளாகவாவது ஏற்றுக்கொண்டு ஒருவாய்ச் சோறு போடுங்கள் என்று அவர்கள் ரோமர்களிடம் அழுதார்கள். உள்ளே விடக்கூடாதென்று சீஸர் காவல் வைத்தார். அப்புறம் அவர்கள் என்னவானார்களென்று அவர் எழுதவில்லை.

ஆனால் ஒன்று எழுதியிருக்கிறார். முற்றுகைக்குட்பட்டிருந்தோர் கூடி ஆலோசித்த சபையில் கிரிடோக்னாடஸ் என்ற பிரபு பேசிய பேச்சு அது. சண்டைக்கு உதவாதவர்களின் மாம்சத்தைத் தின்றாவது கோட்டையைக் காப்போம் என்று அவன் சொன்னானாம். அந்தப் பேச்சின் குரூரத்துக்காகவே அதைக் குறிப்பதாகச் சீஸர் சொல்லிக்கொள்கிறார். வாஸ்தவந்தான், கேட்கவே உடல் நடுங்குகிறது. ஆயினும் அந்தப் பேச்சில் அதைவிட முக்கியமான வேறொரு பகுதியுண்டு. முன்னே நம் நாட்டைச் சூறையாடிய கிம்பிரியர் போகும்போது நம் நிலத்தையும் சட்டத்தையும் சுதந்தரத்தையும் நம்மிடமே விட்டுப்போனார்கள். இந்த ரோமர்களோ நம் வயல்களில் உட்கார்ந்துகொண்டு நம்மை என்றைக்கும் அடிமைகளாக வைத்திருக்க வந்தவர்கள் என்று அவன் எடுத்துக் காட்டுகிறான். கொள்ளைக்காரனுக்கும் சாம்ராஜ்யத்துக்குமுள்ள பேதத்தை இவ்வளவு தெளிவாய்ப் பிரித்தவர் சிலரே. அந்த மதிலுக்குள்ளே சீஸரின் காது இருந்ததா? இல்லை. பேச்சு அவர் கேட்டறிந்ததாகவும் இருக்கலாம், அவரே கட்டியதாகவும் இருக்கலாம். எதிரியை மிருகமாகக் காட்ட எழுதிய வாக்குமூலத்தில் எதிரியின் நியாயமும் நுழைந்துவிட்டது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. வெர்ஸிங்கெடொரிக்ஸ் சரணடைந்து, ஆறு வருஷம் சிறையிலிருந்து, கி.மு. 46-ல் ரோமாபுரியில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் காட்டப்பட்டு, பின் கொல்லப்பட்டான்.

சீஸருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த டாஸிடஸ் வேறு ரகம். அவருடைய மாமனார் அக்ரிகோலா பிரிட்டனில் கவர்னராயிருந்து, கி.பி. 83 அல்லது 84-ல் வடகோடியிலுள்ள கிராபியஸ் மலையில் கலிடோனியரை முறியடித்தவர். மாமனாரின் கீர்த்தியை எழுதவந்த மருமகன், சண்டைக்குமுன் கால்ககஸ் என்ற எதிரித் தலைவன் தன் ஜனங்களுக்குச் செய்த பிரசங்கத்தையும் எழுதுகிறார். உலகமெங்கும் தாங்கள் செய்யும் காரியங்களுக்கு ரோமர் இட்டிருக்கும் அழகான பெயர்களையெல்லாம் அவன் ஒவ்வொன்றாய் உரித்துக் காட்டுகிறான். நம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கும், நம் விளைச்சலை வரிக்கும், நம் கைகளைக் காட்டிலும் சதுப்பிலும் பாதை போடுவதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறான். கால்ககஸ் என்ற பெயர் வேறெந்த நூலிலும் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தானோ என்பதே சந்தேகம்.

டாஸிடஸ் பிரசங்கங்களைத் தம் கைப்படத் திருத்துவார் என்பதற்கு அசல் தஸ்தாவேஜே இருக்கிறது. காலியா தேசத்துப் பெரிய மனிதர்களுக்குச் செனட் சபையில் இடங்கொடுக்கவேண்டுமென்று கி.பி. 48-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தி பேசிய பேச்சு வெண்கலத் தகட்டில் வெட்டப்பட்டு, 1528-ல் லியோன் நகரத்தில் அகப்பட்டது. டாஸிடஸ் எழுதிய வாசகத்தை அதனோடு ஒப்பிட்டால் சாரம் ஒன்று, நடை முற்றும் வேறு. ஆகவே கால்ககஸின் பிரசங்கம் டாஸிடஸின் பிரசங்கமே என்று கொள்வதில் பிழையில்லை.

ரோமப் பிரபு ஒருவர் ரோம சாம்ராஜ்யத்தின் மீது இத்தகைய குற்றப்பத்திரிகை எழுதுவானேன்? அந்த நூல் வெளியான காலத்தைப் பார்க்கவேண்டும். அது கி.பி. 98. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் கொடுங்கோலனான டொமிஷியன் குத்திக் கொல்லப்பட்டிருந்தான். அவன் ஆட்சியில், நேர்மையாளர்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய புஸ்தகங்கள் நடுச்சந்தையில் கொளுத்தப்பட்டன. பதினைந்து வருஷம் வாய் மூடிக் கிடந்தோம் என்று டாஸிடஸே வெட்கப்படுகிறார். அவ்விதம் வாய் மூடிக் கிடந்தவர், தாம் நேரே சொல்ல முடியாததைப் பூமியின் விளிம்பிலுள்ள ஒரு பகைவன் வாயில் வைத்தாரென்பது நமது அபிப்பிராயம். அந்நூலிலேயே, பிரிட்டானியரின் பிள்ளைகள் லத்தீன் படித்து, ரோம உடை தரித்து, ஸ்நானகட்டடங்களிலும் விருந்துகளிலும் மயங்கி, தங்கள் அடிமைத்தனத்தின் ஓர் அங்கத்தையே நாகரிகமென்று எண்ணிக்கொண்டார்கள் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. இங்கிலீஷ் படித்து வக்கீலான நாம் அந்தப் பக்கத்தை அவ்வளவு எளிதாய்த் தாண்டிப் போக முடிவதில்லை.

டாஸிடஸ் சொல்லும் இன்னொரு கதை பூடிக்கா ராணியினுடையது. இஸேனி குலத்தரசன் பிரஸுடாகஸ், தன் குடும்பத்தைக் காப்பாற்றலாமென்று, நீரோ சக்கரவர்த்தியையும் தன் இரண்டு பெண்களையும் வாரிசுகளாக உயிலில் குறித்து இறந்தான். உயில் ஒன்றுக்கும் உதவவில்லை. ராஜ்யம் பறிமுதலாயிற்று, விதவை ராணிக்குக் கசையடி, பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஜான்ஸியை நினையாமல் இதைப் படிக்க நம்மவரால் ஆகுமா? கி.பி. 60-61-ல் ராணி எழுந்து, இன்றைய கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் ஆகிய மூன்று ஊர்களையும் கொளுத்தினாள். லண்டன் வீதிகளின் அடியில் தோண்டினால் அந்தத் தீயின் அடுக்கு இன்னும் அகப்படுகிறது. அவள் ரதத்தில் நிற்கும் பெரிய சிலையொன்று 1902-ம் வருஷம் முதல் தேம்ஸ் நதிக்கரையில், பார்லிமெண்டுக்கு எதிரே நிற்கிறது. சாம்ராஜ்யத்தை எதிர்த்தவளுக்கு, அக்காலத்தில் நம்மையும் சேர்த்து ஆண்ட சாம்ராஜ்யம் சிலை வைத்தது! பிரான்ஸிலும் இப்படித்தான். சீஸரின் சரித்திரத்தை எழுதிப் புகழ்ந்த மூன்றாவது நெப்போலியனே 1865-ல் அலேஸியாவில் வெர்ஸிங்கெடொரிக்ஸுக்குச் சிலை எழுப்பினான். சிலையின் முகம் நெப்போலியன் முகத்தைப்போலவே இருக்கிறதென்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். செத்துப்போன கலகக்காரனைக்கண்டு ராஜாங்கங்களுக்குப் பயமில்லை.

ஆனால் செத்துப்போனவனைக் கண்டும் பயப்பட்ட ராஜாங்கம் ஒன்றுண்டு. இங்கேதான் நாம் சீனாவுக்கு வருகிறோம்.

மிங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஜியாஜிங் பல வருஷங்களாக அரசவைக்கே வராமல், சாகாமருந்து தேடிக்கொண்டு அரண்மனைக்குள் தவம் செய்தான். 1566-ல் ஹாய் ருய் என்ற உத்தியோகஸ்தர் அவன் குற்றங்களை நேருக்குநேர் எடுத்துக் காட்டி விண்ணப்பம் எழுதினார். எழுதுமுன் தமக்குச் சவப்பெட்டியும் வாங்கி வைத்தாரென்பது சரித்திரம். சிறையில் போட்டார்கள், சக்கரவர்த்தி இறந்தபின் விடுதலையானார், 1587-ல் காலமானார். இந்த மனிதரைக் குறித்துப் பீகிங் நகரத்து உதவி மேயரும் சரித்திராசிரியருமான வூ ஹான் ஒரு நாடகம் எழுதினார். ஜமீன்தார்கள் பறித்த நிலத்தைக் குடியானவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்ததற்காக ஹாய் ருய் வேலையிழப்பதே கதை. 1961-ல் அது மேடையேறியது. 1959-ல் மாவோவின் கொள்கையைக் குறைகூறிப் பதவியிழந்த தளபதி பெங் டெ-ஹுவாயைத்தான் இது ஜாடையாகக் குறிக்கிறதென்று பின்னால் வியாக்கியானம் செய்தார்கள். 1965 நவம்பரில் யாவ் வென்-யுவான் என்பவர் ஷாங்காய் பத்திரிகையில் எழுதிய கண்டனமே கலாசாரப் புரட்சி என்ற பெருந்தீக்கு முதற்பொறி. வூ ஹான் 1969-ல் காவலில் இறந்தார். முந்நூற்றெண்பது வருஷத்துக்குமுன் மறைந்த ஓர் உத்தியோகஸ்தரின் கதைக்கு ஓர் உயிர் விலையாயிற்று. நம் தேசத்திலும் கீசகனைக் கர்ஸன் பிரபுவென்று ஜனங்கள் கண்டுகொண்டபடியால், காடில்கரின் கீசகவத நாடகத்தை 1910-ல் வெள்ளைக்கார ராஜாங்கம் தடுத்ததுண்டு.

அதே ஹாய் ருய் 2007-ல் சீன டெலிவிஷனில் மறுபடி தோன்றினார். “மிங் வம்சம் 1566” என்ற அந்த நாடகத்தை லியூ ஹெ-பிங் எழுதினார், ஜாங் லி இயக்கினார், 46 அத்தியாயங்கள். பொக்கிஷம் காலி, பட்டு விற்றுப் பணம் சேர்க்க, நெல்வயல்களை அழித்து மல்பெரி பயிரிட உத்தரவாகிறது, குடியானவர்கள் மறுக்கிறார்கள், வெள்ளத்தை வயல்களில் திறந்துவிட்டு, பட்டினி கிடப்பவர்களிடம் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்க உத்தியோகஸ்தர்கள் சூழ்ச்சி செய்கிறார்கள். ஒருவன் மேல் ஒருவனாகப் பழி ஏறிக்கொண்டே போய், கடைசியில் கையில் அழுக்குப்படாமல் தியானத்திலிருக்கும் சக்கரவர்த்தியிடம் முடிகிறது. நாம் பார்த்த ராஜீய நாடகங்களில் இதற்கிணையானது சொற்பம். முதலில் காட்டியபோது பார்த்தவர் குறைவு. பத்து வருஷம் கழித்துத்தான் அதன் பெருமையைத் தேசம் உணர்ந்தது.

2017-ல் தேசமே பார்த்த நாடகம் வேறு: ஜோ மெய்-ஸென் எழுதிய “ஜனங்களின் பெயரால்”. லஞ்சக் கதைகளை மாலைநேரத்திலிருந்து விலக்கும்படி 2004-ல் உத்தரவு பிறந்திருந்தது. இந்த நாடகத்துக்குச் சீனாவின் தலைமைப் பிராசிக்யூஷன் இலாகாவே ஆதரவளித்தது! முதல் அத்தியாயத்தில் ஓர் அதிகாரி பழைய வீட்டில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு ஏழைபோலிருக்கிறான். அவனுடைய மற்றொரு மாளிகையில் அலமாரி, படுக்கை, சுவரெங்கும் 20 கோடி யுவானுக்கு மேல் ரொக்கம். பயத்தினால் ஒரு காசும் செலவழிக்கவில்லை என்று அழுகிறான். இதற்கு மூலமான நிஜ வழக்கொன்று 2014-ல் வெளிவந்தது. வீட்டிலிருந்த நோட்டுக்களை எண்ணியே சில யந்திரங்கள் எரிந்துபோயினவாம்.

இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. லஞ்சத்தை ராஜாங்க டெலிவிஷனில் காட்டுவதற்கும் துணிவு வேண்டும். ஆனால் கால்ககஸின் பேச்சையும் ஹாய் ருயின் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாய் ருய் சக்கரவர்த்தியை வைகிறார், சக்கரவர்த்தி திருந்தவேண்டுமென்று. அவன் இறந்த செய்தி கேட்டு, தின்றதெல்லாம் வெளிவரும்படி அழுதார் என்று சரித்திரம் கூறுகிறது. 2017-ம் வருஷத்து நாடகத்திலும் குற்றவாளி எவ்வளவு உயர்ந்த பதவியிலிருந்தாலும், அவனுக்கும் மேலே மாசற்ற ஒரு மத்திய ஸ்தானம் இருந்துகொண்டே இருக்கிறது. அங்கிருந்து நீதி இறங்குகிறது. கால்ககஸ் நல்ல கவர்னரைக் கேட்கவில்லை. உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறான். ரோமாபுரி அவனை அவ்வளவு பேச விட்டது, அவனுடைய ஜனங்களில் பதினாயிரம் பேர் கிராபியஸ் மலையில் மாண்டபிறகு. அவனால் இனி ஆவதொன்றுமில்லை. சீன நாடகத்தில் பேசுகிறவன் சொந்தப் பிரஜை, கேட்கிறவர்களும் பிரஜைகள். அதனால்தான் அவனுக்கு அளந்து கொடுக்கிறார்கள்.

அந்த அளவு எங்கே முடிகிறதென்பதை 2003-லேயே காட்டினார்கள். அதே ஜாங் லி இயக்கிய “குடியரசை நோக்கி” என்ற நாடகம் அவ்வருஷம் மத்திய டெலிவிஷனில் வந்தது. லி ஹுங்-ஜாங், ராஜமாதா ஸீஸி, யுவான் ஷி-காய் முதலானவர்களை வெறும் துரோகிகளாகக் காட்டாமல் மனிதர்களாகக் காட்டியது அது. அதற்கே கூச்சல் எழுந்தது. காட்சிகள் பல கத்தரிக்கப்பட்டன. மன்னராட்சி ஒழிந்து, குடியரசென்று பெயர் சூட்டிய பிறகும் அதிகாரம் ஜனங்களிடம் வந்து சேரவில்லையே என்று, அக்குடியரசை நிறுவிய ஸன் யாட்-ஸென் கடைசி அத்தியாயத்தில் பிரசங்கம் செய்கிறார். நடிகர் பேசினார், படமெடுத்தார்கள், ஒளிபரப்பில் அந்தப் பிரசங்கம் இல்லை.