குழப்படிக்குப் பின்னால்

நமது பாடசாலை ஓய்வறைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்றுண்டு: "அவனத் திருத்தேலா சேர்." பத்தாம், பதினோராம் ஆண்டுப் பொடியன்களைப் பற்றித்தான் பெரும்பாலும் இது சொல்லப்படும். வகுப்பில் நித்திரை, சின்னச் சொல்லுக்கும் கைநீட்டல், சிகரட், இப்போது ஐஸ். அவன் என்ன செய்தான் என்று கேட்கிறோம். அவனுக்கு என்ன நடந்தது என்று கேட்பது குறைவு.

அந்தக் கேள்வியை மருத்துவ உலகம் கேட்க நேர்ந்த கதை கவனிக்கத்தக்கது. 1980களில் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் உடற்பருமனுக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் வின்சன்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துவந்த சிலரே சிகிச்சையை விட்டு விலகுவதைக் கண்டார். விசாரித்தபோது, பலர் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் எனத் தெரியவந்தது. அவர்களுக்குப் பருமன் ஒரு பாதுகாப்பாக இருந்தது.

பின்னர் அவரும் றொபேட் அன்டாவும் 9,508 பேரிடம் ஏழு வகையான பிள்ளைப்பருவத் துன்பங்களைப் பற்றிக் கேட்டு, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல், உள, பாலியல் துன்புறுத்தல்கள், தாய் அடிவாங்குவதைப் பார்த்தல், வீட்டில் போதைப் பழக்கம், உளநோய், சிறை சென்றவர் ஆகியவையே அவை. பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு மதுவடிமை, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது.

காரணம் விளங்கக் கடினமானதல்ல. இரவில் எப்போது சண்டை வெடிக்குமோ என்று காத்திருக்கும் பிள்ளையின் உடல் எந்நேரமும் விழிப்பிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் ஓய்வதில்லை. நிதானித்து முடிவெடுக்க உதவும் முன்மூளையோ இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. அப்படியான பிள்ளைக்கு ஆசிரியரின் உரத்த குரலும் தாக்குதலாகவே படும். போதை அவனுக்குக் கொஞ்ச நேர அமைதியைக் கொடுக்கிறது. பெண் பிள்ளைகளிடம் இது பல வேளை குழப்படியாக வெளியே வராது. 'அமைதியான பிள்ளை' என்று நாம் மெச்சுபவள் இரகசியமாகக் கையைக் கீறிக்கொண்டிருக்கக்கூடும்.

நமது துயரங்கள் அந்த ஏழு வகைக்குள் அடங்கிவிடுவதில்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் முகாம்களில் வளர்ந்தவர்களும், 2004 சுனாமியில் உம்மாவையோ வாப்பாவையோ பறிகொடுத்த கிழக்குக் கரைப் பிள்ளைகளும் இன்று பெற்றோராகிவிட்டார்கள். உம்மா குவைத்திலும் சவூதியிலும் உழைக்க, உம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். வறுமை அனுப்பிய உம்மாவைக் குற்றஞ்சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளையின் பொறுப்பு ஊருக்கும் உண்டு என்றே சொல்கிறேன்.

ஏனெனில் துன்பம் விதியல்ல. ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். கடும் நெருக்கடிக்குள் வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றிலொருவர் நல்ல நிலைக்கு வந்தனர். அவர்களுக்குப் பாட்டியோ, ஆசிரியரோ, அயலவரோ, நம்பத்தக்க ஒரு மூத்தவராவது இருந்தார். நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதளவில் தாயையும், எட்டு வயதளவில் பாட்டனாரையும் இழந்தவர்கள். ஒருவர் மறைந்ததும் இன்னொருவர் பொறுப்பேற்றார்; பாட்டனாருக்குப் பின் அபூதாலிப். இதை நாம் மீலாத் மேடைகளில் சொல்கிறோம், பாடசாலை ஒழுக்காற்றுக் கூட்டத்தில் மறந்துவிடுகிறோம்.

ஜும்ஆவில் போதைவஸ்தைக் கண்டிப்பது தேவைதான். அதோடு, பள்ளி நிர்வாகமும் பாடசாலையும் சேர்ந்து இப்படியான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்கலாம். துன்புறுத்தல் தெரியவந்தால் மானம் போகும் என்று மூடிமறைக்காமல் 1929க்கு அறிவிக்க வேண்டும். உளநல உதவிக்கு 1926 இருக்கிறது. விலகல் பத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்புகையில், அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரேயொரு மூத்தவரையும் நாம் பறித்துவிடக்கூடும்.